சவாரி வண்டிலும் சுமை வண்டிலும்

தைப்பொங்கலையும் சித்திரை வருடப் பிறப்பையும் ஒட்டி யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மாட்டு வண்டிற் சவாரிகள் நடைபெறுவது வழக்கம். சவாரிக்கு முதல்நாள் மாலையில் ஒரு சவாரிக்காரரின் முற்றத்திற் போய் நின்றால் அவர் செய்யும் ஆயத்தம் எவரையும் வியக்கச் செய்யும். அச்சைத் துடைத்துக் கிறீஸ் பூசுவார். கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். சில்லைச் சுழலவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பார். துலாவைக் கையில் ஏந்திப் பாரம் மதிப்பார். நுகம் மாட்டின் கழுத்தில் எவ்விடத்திற் படுகின்றதென விரல் விட்டுப் பார்ப்பார். சில நூறு மீற்றர் ஓடும் வண்டிலுக்கு இத்தனை கவனம். அதே மனிதர் மறுவாரம் பத்து மூடை நெல்லை ஏற்றிவரும் சுமை வண்டிலையோ உழவு இயந்திரப் பெட்டியையோ ஒரு முறையேனும் இவ்வாறு பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் உழைப்பது பின்னதே.

சவாரி வண்டில் திருந்தியதற்குக் காரணம் தச்சனின் திறமை மட்டுமன்று. இழுக்கும் பிராணிக்கு எது பாரமாகின்றது என்று ஒருவர் அருகிலிருந்து கவனித்தார்; கவனித்ததைத் தச்சனிடம் சொன்னார்; அடுத்த வண்டில் சற்று மாறியது. சுமை வண்டிலுக்கும் இழுவைப் பெட்டிக்கும் அவ்வாறு சொல்லுபவர் இல்லை. அந்த வேலையைக் கமக்காரரே ஏற்க வேண்டுமென்பது எனது அபிப்பிராயம்.

இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய விடயமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே சல்கி எனப்படும் இருசில்லு வண்டியிற் குதிரையைப் பூட்டிப் பந்தயம் ஓடுவர். குதிரை நாலுகாற் பாய்ச்சலில் ஓடலாகாது. பெருநடையிலேயே ஓட வேண்டும். நெடுங்காலமாக அவ்வண்டிகளுக்கு உயர்ந்த மரச் சில்லுகளே இருந்தன. 1891இல் சுனோல் என்னும் பெட்டைக்குதிரை அத்தகைய வண்டியோடு ஒரு மைலை 2 நிமிடம் 8¼ வினாடியில் ஓடியது. 1892இல் காற்றடைத்த றப்பர் ரயரும் குண்டுப் போதிகையும் உடைய, துவிச்சக்கர வண்டியின் சில்லுப் போன்ற சிறு சில்லுகள் பூட்டப்பட்டன. அவ்வாண்டிலேயே நான்சி ஹாங்ஸ் என்னும் பெட்டைக்குதிரை அதே மைலை 2 நிமிடம் 4 வினாடியில் ஓடி முடித்தது. குதிரை வேறு, திடலும் வேறு. ஆகையால் அந்த நாலு வினாடியும் சில்லினாலேயே கிடைத்ததெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் மிக விரைவில் உயர்ந்த சில்லு வண்டிகள் பந்தயத் திடலை விட்டு மறைந்தன. குதிரைக்காரர் எவரும் நட்டத்துக்கு உடன்பட்டு நல்ல வண்டியைக் கைவிடமாட்டார்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் தகும். அந்த ரயரை 1888இல் உரிமைப்பதிவு செய்த ஜோன் பொயிட் டன்லொப் பொறியியலாளர் அல்லர். பெல்பாஸ்ற் நகரிற் கடமையாற்றிய மிருக வைத்தியர். தம் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் குலுங்காது ஓடவேண்டும் என்பதற்காகவே அதனை முதலிற் செய்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1970களில், ஜோ கிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சல்கியின் கைகளைக் குறுக்கிச் சமநிலையை மாற்றியமைத்தார். இம்முறை திருந்தியது சில்லன்று, பாரம் நிற்கும் இடம். ஓட்டியின் பாரம் குதிரையின் மேல் அழுத்தாதிருந்தால் குதிரை தன் பலத்தை ஓட்டத்திற்கே செலவிடும் என்பது அதன் தத்துவம்.

இவற்றுள் எமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தறிதல் அவசியம். சல்கியின் சிறு சில்லு உருட்டிச் சமன்செய்த திடலுக்கு உரியது; சேற்று வயலில் அது புதையும். வயலுக்குள் இறங்கும் வண்டிலுக்கு உயரமும் அகலமும் உள்ள சில்லே நன்று. சவாரி வண்டிலின் இலேசும் அவ்வாறே. ஆளொருவரை மட்டும் சுமக்கும் சட்டத்தில் அரைத்தொன் ஏற்றினால் அது வளைந்துவிடும். எனவே உருவத்தைப் பார்த்துச் செய்ய வேண்டாம். சமநிலையையும் போதிகையையும் மாத்திரம் கடன்வாங்கினாற் போதும்.

சமநிலையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மாட்டு வண்டிலின் அச்சிலிருந்து நுகம் 10 அடி தூரத்தில் உள்ளதென வைத்துக்கொள்வோம். வண்டிலில் 50 கிலோ உர மூடைகள் பத்து உள்ளன. மொத்தம் 500 கிலோ. மூடைகளின் நடு, அச்சுக்கு 6 அங்குலம் முன்னே இருந்தால் நுகத்தில் 25 கிலோ அழுத்தும். அதுவே 2 அடி முன்னே போனால் 100 கிலோ. மூடை ஒன்றேனும் கூடவில்லை. ஆனால் மாடுகள் இரண்டும் இரண்டு மூடையைக் கழுத்திலே சுமந்து நடக்கின்றன. கழுத்துப் புண் உண்டாவதற்கு நுகத்தின் சொரசொரப்பை மாத்திரம் குறைசொல்லி, அதிலே சாக்குச் சுற்றுவோர் பலர். சாக்குச் சுற்றுவது தவறன்று. ஆனால் மூடைகளை ஓரடி பின்னே தள்ளியிருந்தால் மருந்துச் செலவே வந்திராது. பின்னே அதிகம் தள்ளினாலோ நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மேடேறும்போது இது இன்னும் மோசமாகும்.

மாடுகளை வைத்திருப்போர் இன்று சிலரே. பெரும்பாலோரிடம் இருப்பது லாண்ட்மாஸ்ரர் என்று ஊரில் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டும் பெட்டியுமாகும். இயந்திரத்துக்குக் கழுத்துப் புண் வராதென்பதால் பெட்டியை எவ்வாறும் செய்யலாமென எண்ணிவிடுகின்றனர். பெட்டிகளை ஊர்ப் பட்டறைகளிலேயே ஒட்டுகின்றனர். அச்சைக் கண்மதிப்பாக ஓரிடத்தில் வைத்து ஒட்டிவிட்டுப் பச்சையோ சிவப்போ பூசிக் கொடுக்கின்றனர். வர்ணம் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

எனது பிரிவில் ஒரு கமக்காரர் அத்தகைய புதுப் பெட்டியிற் கோவா ஏற்றிச் சந்தைக்குப் போனார். அச்சு மிக முன்னே ஒட்டப்பட்டிருந்தது. பாரமெல்லாம் பின்னே கிடந்தது. அவர் முன்னணியிற் குந்தியிருந்த வரைக்கும் அவருடைய உடற்பாரமே கொளுக்கியைக் கீழே அழுத்தி வைத்திருந்தது. கடவைத் தடியை எடுப்பதற்காக இறங்கினார். பெட்டி பின்னே குத்தியது, கொளுக்கி மேலெழும்பியது, இயந்திரத்தின் கைபிடி அவருடைய தாடையில் அடித்தது. இரண்டு பற்களோடு போனது அவருடைய நல்ல காலம். பட்டறைக்காரரைக் கேட்டபோது, பாரத்தைப் பார்த்து ஏற்றியிருக்க வேண்டும் என்றாராம்.

கணக்கு இதுதான். அச்சிலிருந்து கொளுக்கி 5 அடி. ஓட்டுபவர் 60 கிலோ, அச்சுக்கு 3½ அடி முன்னே அமர்கின்றார். அவரால் மாத்திரம் கொளுக்கியில் 42 கிலோ வரும். 500 கிலோ சுமையின் நடு அச்சுக்கு 2 அங்குலம் முன்னே நின்றால் இன்னும் ஏறத்தாழ 17 கிலோ. இரண்டும் சேர்ந்து மொத்தப் பாரத்திற் பத்தில் ஒரு பங்கு. இழுவைப் பெட்டிக்கு இவ்வளவு போதுமானது. ஓட்டுபவர் இறங்கினாலும் கொளுக்கி மேலெழாது. இதற்கு மாறாகச் சுமையின் நடு ஓரடி பின்னே போனால் கொளுக்கியை 100 கிலோ மேல்நோக்கித் தூக்கும். ஓட்டுபவரின் 42 கிலோ அதனைத் தடுக்காது.

பள்ளம் இறங்கும்போது இன்னோர் ஆபத்துண்டு. சம நிலத்தில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், பெட்டி பின்னிருந்து தள்ளும்போது, பிடித்த பக்கச் சில்லு இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். ஆகவே இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். பழகியவர் இதனை அறிவர். விடுமுறைக்கு வந்த மகனிடம் கைபிடியைக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகின்றனர். குளக்கட்டிலிருந்து இறங்குமுன்னரே குறைந்த கியருக்கு மாற்றுவதும், கிளச்சைத் தொடாது கைபிடியாலேயே திருப்புவதும் பாதுகாப்பு. பெட்டியின் சில்லுக்குக் காலால் மிதிக்கும் பிறேக் ஒன்று வைப்பித்தல் இதனிலும் மேல். அதற்காகும் செலவை வீண் என்று கருத வேண்டாம். பின்பலகையில் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடு இரண்டு இல்லாமல் இரவில் வீதிக்கு ஏறவே கூடாது.

போதிகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய மோட்டார் வாகன அச்சுகளை வாங்கிப் பூட்டுவதில் தவறில்லை. அவற்றில் நல்ல போதிகைகள் உண்டு. ஆனால் அவை தார் வீதிக்காகச் செய்யப்பட்டவை. சேற்று நீரில் அமிழ்ந்தபின் மூடியைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிறீஸ் இடாவிடின் ஒரு போகத்துக்குள் அரைபட்டுவிடும். இரண்டு ரயர்களிலும் காற்று சமமாக இருக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

பேராசிரியர் என். எஸ். இராமசுவாமி பெங்களூரிலுள்ள இந்திய முகாமைத்துவ நிறுவனத்தின் இயக்குநராயிருந்தவர். அவர் மாட்டு வண்டியைத் திருத்துவதே தம் பணியெனக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். இவ்வளவு கற்றவர் வண்டிக்காரனோடு குந்தியிருந்து நுகத்தை ஆராய்ந்தாரே என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எமது திணைக்களத்தாராகிய நாமும் விதை, உரம், பூச்சி என்பவற்றைப் பற்றிச் சொல்லுமளவுக்கு விளைபொருள் வீடு வந்து சேரும் வழியைப் பற்றிச் சொல்வதில்லை. குறை எம்மிடத்தும் உண்டு.

புதுப் பெட்டி செய்விக்கும் கமக்காரர் விலை பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று: அச்சை ஒட்ட வேண்டாம், வளைந்த ஆணிகளால் இறுக்கித் தரவேண்டும். வர்ணம் பூசுமுன் வீட்டிலிருந்து பத்து மூடையைக் கொண்டுபோய், வழமையாக அடுக்கும் விதத்திலேயே அடுக்குக. ஓட்டுபவரை அவருடைய இடத்தில் இருத்தி, சம நிலத்தில் நின்று கொளுக்கியைத் தூக்கிப் பார்க்குக. பலமுள்ள ஒருவர் சிரமப்பட்டுத் தூக்கக்கூடிய அளவில் இருந்தாற் சரி. தானே எழும்பினால் அச்சைப் பின்னே நகர்த்துக. இருவர் சேர்ந்தும் அசைக்க முடியாவிடின் முன்னே நகர்த்துக. பிறகு ஓட்டுபவரை இறக்கி இன்னொரு தடவை பார்த்து, ஆணிகளை இறுக்கிக்கொள்க. பட்டறைக்காரர் முகம் கோணினால், வர்ணத்தின் விலையைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்கலாம்.