தோஷம் யாரைத் தொடரும்?

முன்னேஸ்வரத்தின் தலபுராணத்தைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இராவணனைக் கொன்று திரும்பிய இராமனைப் பிரம்மஹத்தி தோஷம் துரத்தி வந்தது. விமானம் முன்னேஸ்வரத்தை நெருங்கியபோது அது விலகி நின்றது. இறங்கிச் சிவனை வணங்கிய இராமன், மானாவரியில் தொடங்கி நான்கு இடங்களில் லிங்கம் வைத்துப் பரிகாரம் தேடினான். வென்ற அரசனுக்கும் கொலைக்கணக்கு உண்டு என்று சொன்ன மண் இது.

பக்கத்து நகரம் சிலாபம். 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாயானது. சின்ன வள்ளங்களின் இயந்திரம் அதில்தான் ஓடுகிறது. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். 15ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோவில் வேள்விக்கு வந்த ஆடுகளை பலியைத் தடுக்க ஓர் அமைச்சர் ஏற்றிச் சென்றிருந்தார். உயிர்க்கொலை பாவமென்று ஆட்சிக்குத் தெரிந்தே இருந்தது.

2011இல் கட்டுநாயக்காவில் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக, 2013இல் வெலிவேரியாவில் குடிநீருக்காக, 2022இல் ரம்புக்கனையில் எரிபொருளுக்காக மக்கள் போராடினார்கள். காரணம் ஒவ்வொன்று, கிடைத்தது துப்பாக்கிச் சூடு ஒன்றே.

இந்தச் சாவுகள் கோப்புக்குள் போய் அடங்கிவிடுகின்றன. நாவலில் அடங்குவதில்லை. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் நாவலில், மாலி அல்மெய்தா என்ற புகைப்படக்காரன் செத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. பேரே வாவியில் பிணங்கள் வீசப்பட்ட, 1980களின் இறுதிக் கொழும்பு. தன்னைக் கொன்றவரைத் தேட அவனுக்கு ஏழு இரவுகள். கட்டிலுக்கடியில் அவன் ஒளித்துவைத்த படங்களே சாட்சி. கொல்லப்பட்டவர்கள் ஆவிகளாக நகரமெங்கும் திரிகிறார்கள். ஆர்ப்பாட்டக்காரர் சுடப்பட்ட கதை இல்லைதான். ஆனாலும் படித்து முடித்தபோது எனக்கு எங்கள் தலபுராணம்தான் நினைவுக்கு வந்தது. கொன்றவனை விடாத தோஷத்தை இக்காலத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இராவணன் பிராமணன் என்பதால் இராமனைத் தோஷம் பிடித்தது என்பார்கள். மீனவனைச் சுட்டால் தொடரும் தோஷத்தைப் புராணம் சொல்லவில்லை. அதை எழுத வேண்டியவர்கள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிற நாம்தான். சிலாபத்தின் நாவலுக்காகக் காத்திருக்கிறேன். மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் மணலில் ஏறிக் கிடந்த ஒரு வள்ளத்திலிருந்து அது தொடங்கட்டும்.