‘கோகோ’ பாட்டி கையில் செருப்பு வந்த கதை: டீமில் இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

பிக்ஸார் நிறுவனத்தின் ‘கோகோ’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டியை மறக்க முடியாது. பாடகர் யாராவது பேரன் பக்கத்தில் வந்தால் போதும், செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்வார். ஆனால் ஆரம்பத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது செருப்பு இல்லை, மரக்கரண்டி. மெக்சிகோ வீடுகளில் பாட்டிக்குக் கோபம் வந்தால் கை செருப்புக்குத்தான் போகும் என்று படத்தின் கலாச்சார ஆலோசகர்கள் சொன்ன பிறகே அது மாறியது.

சின்ன மாற்றம்தான். ஆனால் அதைச் சொல்ல சரியான ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும். சொன்னால் கேட்கும் தலைமையும் இருக்க வேண்டும். ‘நம்ம டீம்ல எல்லா தரப்பு ஆளும் இருக்காங்க’ என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

அடி வாங்கிய பிறகு வந்த மாற்றம்

2013 மே மாதம், மெக்சிகோ மக்கள் இறந்துபோன உறவுகளை நினைவுகூரும் ‘தியா தே லோஸ் முயர்த்தோஸ்’ பண்டிகையின் பெயருக்கே வணிக முத்திரை உரிமை கேட்டு டிஸ்னி விண்ணப்பித்தது. பிக்ஸாரின் தாய் நிறுவனம் அது. மக்கள் காலங்காலமாகக் கொண்டாடும் பண்டிகைக்கு ஒரு கம்பெனி எப்படி உரிமை கொண்டாடலாம் என்று ஆன்லைனில் கொதித்தார்கள். சில நாட்களிலேயே டிஸ்னி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அப்போது கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர் கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ். மிக்கி மவுஸை ராட்சத எலும்புக்கூடாக வரைந்து டிஸ்னியைக் கிழித்தவர். பின்னர் அதே அல்கராஸை பிக்ஸார் ஆலோசகராக அழைத்தது. நாடக ஆசிரியர் ஆக்டேவியோ சோலிஸ், மார்செலா டேவிசன் அவிலெஸ் ஆகியோரும் சேர்ந்தார்கள். கதையை வெளியே காட்டாமல் பொத்திப் பொத்தி வைக்கும் பிக்ஸார், முடியாத நிலையில் இருந்த படத்தை இவர்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்து கேட்டது.

அல்கராஸுக்கு இது சுலபமான முடிவு இல்லை. ‘விலைபோய்விட்டார்’ என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. உள்ளே போன பிறகும் அவர் பேச்சு எடுபடாமல் போயிருந்தால், திட்டியவர்கள் சொன்னதுதான் உண்மை என்றாகியிருக்கும். நிறுவனத்துக்கு நல்ல பெயர், அவருக்குக் கெட்ட பெயர்.

கதையையே மாற்றத் தயாரா?

இயக்குநர் லீ அன்கிரிச் முதலில் யோசித்தது, தாய் வழியில் மெக்சிகோ வேர் கொண்ட ஓர் அமெரிக்கச் சிறுவனின் கதை. இழப்பின் வலியிலிருந்து அவன் விடுபடுவதாக அது போனது. ஆனால் அந்தப் பண்டிகையின் அர்த்தமே வேறு: இறந்தவர்களை விட்டுவிடக் கூடாது, மறக்கவும் கூடாது. வெளியாள் பார்வையில் கதை சொல்கிறோம் என்று புரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மெக்சிகோ அமெரிக்கரான ஏட்ரியன் மொலினா, கதைப் பிரிவிலிருந்து திரைக்கதை எழுத்தாளராகவும், பிறகு இணை இயக்குநராகவும் உயர்ந்தார். ஆலோசகர் கருத்து சொல்லலாம். முடிவு எடுப்பது இயக்குநர். இந்த வித்தியாசம் பெரியது.

2017 அக்டோபரில் படம் முதலில் மெக்சிகோவில்தான் வெளியானது. அங்கே அதுவரை இல்லாத வசூல் சாதனை படைத்தது. 2018-ல் 2 ஆஸ்கர் விருதுகளும் கிடைத்தன.

அதே நிறுவனம், இன்னொரு முகம்

இதை வைத்து பிக்ஸாருக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட முடியாது. தனக்கும் மகளுக்குமான உறவிலிருந்து ‘பிரேவ்’ கதையை உருவாக்கிய பிரெண்டா சாப்மன், பிக்ஸாரின் முதல் பெண் இயக்குநர் ஆகியிருக்க வேண்டியவர். 2010-ல், படம் முடியும் முன்பே அவர் மாற்றப்பட்டு மார்க் ஆண்ட்ரூஸ் வந்தார். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை 2013-ல் இருவரும் சேர்ந்தே வாங்கினார்கள்.

‘கோகோ’ அமெரிக்காவில் வெளியான அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ‘டாய் ஸ்டோரி 4’ எழுத்துப் பணியிலிருந்து விலகியிருந்த ரஷீதா ஜோன்ஸும் வில் மெக்கார்மாக்கும், பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் அங்கே படைப்பில் சமமான குரல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

1995-ல் முதல் முழுநீளப் படத்தைத் தந்த நிறுவனத்தில், ஒரு பெண் தனியாக இயக்கிய படம் வெளியாக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டோமி ஷி இயக்கிய ‘டர்னிங் ரெட்’தான் அது. ஒரு படத்தில் கற்ற பாடம் தானாக நிறுவனத்தின் பழக்கமாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

டீம் லீடர்கள் என்ன செய்யலாம்?

விளம்பரம், டிசைன், வீடியோ, ஆப் என எந்த கிரியேட்டிவ் டீமாக இருந்தாலும் தலைமையில் இருப்பவர் தன்னையே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று, மாற்றுப் பார்வை உள்ளவர் எப்போது உள்ளே வருகிறார்? எல்லாம் முடிந்த பிறகு ‘இதுல ஏதாவது தப்பு இருக்கானு பார்த்துச் சொல்லுங்க’ என்று அனுப்பினால் அவரால் எழுத்துப்பிழைதான் திருத்த முடியும்.

இரண்டு, கடந்த 6 மாதத்தில் அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னதால் மாறியது எது? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை என்றால், அவர் குரூப் போட்டோவுக்கு மட்டும்தான் இருக்கிறார்.

மூன்று, அவர் சொன்ன யோசனைக்குப் பெயரும் பதவியும் யாருக்குப் போகிறது? யோசனை ஒருவருடையது, புரமோஷன் இன்னொருவருக்கு என்றால், அடுத்த மீட்டிங்கில் அவர் வாயே திறக்க மாட்டார். அப்போது மரக்கரண்டி மரக்கரண்டியாகவே திரைக்கு வரும். அது தப்பு என்று தெரிந்தவரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.