தெய்வ வாக்கும் மனித மனமும்

வெள்ளைப் பூவையும் செம்பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தெய்வ சந்நிதியில் வைத்து, சிறு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். மணம் பொருந்துமா, கடல் கடந்து போகலாமா என்று தாமே துணிய இயலாதவிடத்து மக்கள் பூக்கட்டிப் பார்ப்பர். கலை வந்து ஆடுவோரிடம் வாக்கும் கேட்பர். இவ்வழக்கத்தின் வேரை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

சங்க காலத்தில் இதனை விரிச்சி கேட்டல் என்றனர். தொல்காப்பியம் வெட்சித்திணையில் விரிச்சியைக் குறிப்பிடுகின்றது. முல்லைப்பாட்டிலே, போருக்குச் சென்ற தலைவன் மீள்வானோ என்றறிய, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லையும் தூவித் தொழுது நிற்கின்றனர். அவ்வேளை ஆயர்மகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, தாய்ப்பசு விரைவில் வந்துவிடும் எனத் தேற்றுகின்றாள். அதனையே அவர்கள் நற்சொல்லாகக் கொண்டனர்.

அப்பெண் போரைப்பற்றி ஏதும் எண்ணிப் பேசினாளல்லள், கன்றுக்கே சொன்னாள். சொல் வெளியிலிருந்து வந்தது. பொருளோ கேட்டவர் நெஞ்சிலிருந்தே எழுந்தது.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கிரேக்க நாட்டுத் தெல்பியில், பித்தியா எனப்பட்ட பெண் அப்பொலோ தெய்வத்தின் வாயாக நின்று வாக்குரைத்தாள். சோக்கிரதரினும் அறிவுடையார் எவருமிலர் என்று அங்கு சொல்லப்பட்டதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். சோக்கிரதரோ அதனைக் கேட்டு மகிழ்ந்து அமையவில்லை. அதன் பொருள் யாதெனப் பலரையும் வினவித் திரிந்தார்.

1976ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜெயின்ஸ் வியத்தகு கருத்தொன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்வரை மனிதனுக்குத் தன்னைத் தானே நோக்கும் உணர்வு இருந்திலது. மூளையின் ஒரு பாதியில் எழுந்த கட்டளையை அவன் தெய்வத்தின் குரலாகவே கேட்டான். அக்குரல் மங்கிய பின்னரே வாக்குரைப்போரைத் தேடிச் சென்றான் என்பது அவர் துணிபு. அறிஞர் பலர் இதனை ஏற்றிலர், நிறுவுதலும் அரிது. ஆயினும், தன் நெஞ்சோடு தானே உசாவும் ஆற்றலை மனிதன் மெல்லமெல்லவே பயின்றான் எனும் எண்ணம் சிந்திக்கத்தக்கது.

அவ்வாற்றல் பெற்ற பின்னரும், தனியே தாங்கவொண்ணாத கேள்விகள் உள. மட்டக்களப்பிலே போர்க்காலத்தில், காணாமற்போன பிள்ளை உயிரோடு உள்ளானா என்று தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். நம் தீவுப்பகுதியிலும், 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் பலர் இன்றுவரை மீளவில்லை.

குறிகட்டுவானில் படகேறி நயினை நாகபூஷணியிடம் தன் மகனைப்பற்றி முறையிடும் அன்னையை மூடநம்பிக்கை உடையவள் என்று இகழ்தல் தகாது. அவள் தெய்வத்திடம் கேட்பது, மனிதர் சொல்ல வேண்டிய விடையை. அதனை அறிந்தோர் வாய் திறவாதவரை, அவள் வேறு யாரைத்தான் கேட்பாள்?