ஒரு தாங்கி எரிந்தபோது

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானமொன்று திருகோணமலை சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது வீழ்ந்து வெடித்தது. தீ நாட்கணக்கில் எரிந்தது. எனினும் தாங்கிகள் இடைவெளி விட்டுத் தனித்தனியே அமைந்திருந்தமையால் தொகுதி முழுவதும் அழியவில்லை. இன்றும் 99 தாங்கிகள் நிற்கின்றன.

பாதுகாப்பான கணனி இயங்குதளத்தின் இலக்கணமும் இதுவே: ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அறை, அதன் பணிக்கு வேண்டிய அளவே அதிகாரம். 1975இல் சோல்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிவைத்த நெறி இது. இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே இடம்பிடித்த கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் பிழை, 2024 ஜூலையில் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை முடக்கியது.

2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது காப்புப் பிரதியும் உடன் பறிபோனது. இனிக் கணனி வாங்கும் அரசு, விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்கட்டும்: ஓர் அறை எரிந்தால் மற்றவை தப்புமா?