உப்பளத்துப் பிள்ளைக்கு முதல் நாள் பணம்!

சென்னையில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிச்சேரிக்கு பஸ்சில் போனவர்கள் மரக்காணத்தை மறக்க மாட்டார்கள். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்பில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல். வெயிலில் கண் கூசும்.

அந்த உப்பை வாருகிறவர்கள் வீட்டில் ஒவ்வொரு மே மாதமும் ஒரு பிரச்சினை. பிள்ளை பிளஸ்-2 பாஸ் பண்ணிவிட்டது!

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே, இதில் என்ன பிரச்சினை? இருக்கிறது.

உப்பளத்துக்கு என்று ஒரு காலண்டர் உண்டு. பொங்கல் கழிந்ததும் பாத்தியை மிதித்து கெட்டிப்படுத்துவார்கள். ஏப்ரல், மே, ஜூனில் வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசி மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். அப்புறம் தை பிறக்கும்வரை கூலி கிடையாது. 2024 நவம்பர் 30-ந்தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பிளஸ்-2 ரிசல்ட் வருவது மே மாதம். அளத்தில் ஆள் தேவைப்படும் நேரம் அதுதான். வீட்டில் இன்னொரு ஆள் இறங்கினால் இன்னொரு கூலி. மழைக்காலத்தில் வாங்கிய கடன் வேறு பாக்கி நிற்கிறது. "இந்த வருஷம் போவட்டும்பா, வர்ற வருஷம் காலேஜுல சேத்துக்கலாம்" என்கிறாள் தாய். அந்த வர்ற வருஷம் பலருக்கு வருவதே இல்லை.

அரசு உதவி இல்லையா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ரூ.1,000. இது 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டம். பையன்களுக்கும் அதே தொகை. இது 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குக் கணக்குப் போட்டால் ரூ.36 ஆயிரம்! அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்குச் சலுகை உண்டு. வருமானம் ரூ.2½ லட்சத்துக்கு மிகாத ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு உதவித்தொகை தனியாக உண்டு.

அப்புறம் என்ன குறை?

இவற்றில் பெரும்பாலானவை, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு கைக்கு வரும் பணம். சேருகிற அன்றைக்கு வேண்டிய பணத்தை யார் தருவது?

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட ரூ.50 போதும். ஆனால் அதோடு முடிகிறதா? சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் ரூ.60. ஜெராக்ஸ், போட்டோ. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைகிற பஸ் காசு. சேர்க்கைக் கட்டணம். இலவச பாஸ் கைக்கு வரும்வரை தினமும் டிக்கெட். நல்லதாக இரண்டு செட் துணி. கலந்தாய்வுக்குப் போகும் நாளில் கூடப்போகிற தகப்பனுக்குக் கூலி நட்டம். ஒவ்வொன்றும் சில்லறைதான். ஆனால் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கந்து வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதாகிறது.

வங்கியில் கல்விக்கடன் உண்டு. வங்கிகள் சங்கத் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை. ரூ.7½ லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. ஆனால் இது எத்தனை உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும்? கவுன்டரில் "அப்புறம் வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி அந்தப் படி ஏற மாட்டார்.

சேர்ந்த பிறகும் கண்டம் தீரவில்லை. முதல் செமஸ்டர் பரீட்சை வருவது மழைக்காலத்தில். வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம் என்கிற நேரத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு தரும் ரூ.5 ஆயிரம் அரிசிக்கும் மளிகைக்குமே சரியாகப் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

சான்றிதழுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தை, மாசியிலேயே தாலுகா அலுவலர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களைக் கொடுத்துவிடலாம். மே மாதம் ஒரு நாள் வங்கி அதிகாரிகள் மரக்காணத்துக்கே வந்து கல்விக்கடன் மனு வாங்கலாம். மாதம் ரூ.1,000 தரப்போகிற அரசு, முதல் மூன்று மாதப் பணத்தைச் சேருகிற அன்றே கொடுத்தால் என்ன? புதிதாக ஒரு பைசா செலவில்லை. தேதிதான் மாறும்.

ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. உப்பு வியாபாரிகளும் கடைக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நிதி வைக்கலாம். வட்டியில்லாமல் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

பசித்த வயிறு பள்ளிக்கு வராது என்று கண்டுகொண்டு 1956-ல் மதிய உணவு போட்டார் காமராஜர். அன்று தடுத்தது பசி. இன்று தடுப்பது முதல் நாள் செலவு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஊருக்கெல்லாம் உப்பிட்டவர்கள் மரக்காணத்தில் இருக்கிறார்கள். அவர்களை நினைக்க வேண்டிய மாதம் மே!