எமர்ஜென்சி ஃபண்டை இண்டெக்ஸ் ஃபண்டுல போடலாமா? 1998-ஐக் கேளுங்க

எமர்ஜென்சி ஃபண்டு பற்றிய போன வீடியோவுக்கு அப்புறம் உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க. "மூணு லட்சத்தை எதுக்கு எஃப்டியில தூங்க விடணும்? இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா வளருமே, அவசரம்னா வித்துக்கலாமே?" கணக்குப்படி நியாயமான கேள்விதான். ஆனாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். அதுக்குக் காரணம் 1998-ம் வருஷம்.

ரிட்டர்ன் டேபிளை மட்டும் பார்த்தா அந்த வருஷத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 அந்த வருஷம் 25 சதவீதத்துக்கு மேல ஏறித்தான் முடிஞ்சது. டேபிள்ல அழகா ஒரு பச்சைக் கட்டம், அவ்வளவுதான். ஆனா அந்த 12 மாசத்துக்குள்ள இந்தோனேசியாவை முப்பது வருஷத்துக்கு மேல ஆண்ட சுகார்த்தோ, பணமதிப்பு சரிந்து கலவரம் வெடிச்ச பிறகு மே 21-ல பதவி விலகினார். அதே மே மாசம் பொக்ரான்ல அணுகுண்டு சோதனை நடத்தி, இந்தியா பொருளாதாரத் தடைகளை வாங்கிக்கிட்டது. ஆகஸ்ட் 17-ல ரஷ்யா ரூபிளின் மதிப்பைக் குறைச்சதோட, தன்னோட கடன் பத்திரங்களுக்கும் பணம் தர முடியாதுன்னு கைவிரிச்சுடுச்சு.

மாச சம்பளக்காரங்க நின்னு பார்க்க வேண்டிய இடம் தென் கொரியா.

1997 ஜூலையில தாய்லாந்தின் பாட் சரிந்தப்போ பிடிச்ச நெருப்பு, வருஷக் கடைசியில கொரியாவுக்குப் பரவி, அந்த நாடு ஐஎம்எஃப் கிட்ட கடன் கேட்டு நின்னது. கொரியர்கள் இன்னிக்கும் அந்தக் காலத்தை 'ஐஎம்எஃப்'னே சொல்றாங்க. அதுவரைக்கும் பெரிய கம்பெனியில சேர்ந்துட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் கவலையில்லைங்கறது அங்க எழுதப்படாத ஒப்பந்தம். 1998 பிப்ரவரியில ஆட்குறைப்பை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. முந்தின வருஷம் மூணு சதவீதத்துக்கும் குறைவா இருந்த வேலையின்மை, அந்த வருஷம் ஏழு சதவீதத்தைத் தொட்டது. ஜூன் கடைசியில ஒரே நாள்ல ஐந்து வங்கிகளை இழுத்து மூட அரசு முடிவு பண்ணுச்சு. (பேங்க் வேலைன்னா பாதுகாப்புன்னு சொல்ற சொந்தக்காரங்க அங்கேயும் இருந்திருப்பாங்க.) வேலை போனதை வீட்டுல சொல்ல முடியாத பலபேர், வழக்கம்போல கோட்டும் டையும் மாட்டிக்கிட்டுக் காலையில கிளம்பி, பூங்காவுலயும் மலைப்பாதையிலயும் சாயந்திரம் வரைக்கும் பொழுதைக் கழிச்சாங்க.

அந்த ஜனவரியில நடந்த தங்கச் சேகரிப்பு உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். சுமார் 35 லட்சம் பேர் கல்யாண மோதிரம், குழந்தையோட முதல் பிறந்தநாள் மோதிரம்னு கொண்டுவந்து கொடுத்ததுல 227 டன் சேர்ந்தது. நம்ம ஊர்ல இதைத் தேசபக்திக் கதையா மட்டும்தான் ஷேர் பண்றாங்க. தேசபக்தியும் உண்மைதான். ஆனா கொடுத்தவங்களுக்குப் பதிலுக்கு வோன்ல பணம் கிடைச்சதுங்கறதை யாரும் சேர்த்துச் சொல்றதில்லை. பங்கும் வீடும் விலை இறங்கிக் கிடந்த நேரத்துல கையில இருந்து காசாக்க முடிஞ்சது அந்த மோதிரம்தான்.

இப்போ உங்க கேள்வியை அந்த ஊருக்குக் கொண்டு போங்க. கொரியாவின் கோஸ்பி குறியீடு 1994-ல 1,100-ஐத் தாண்டியிருந்தது. 1998 ஜூன்ல 280. அந்த உச்சத்துல ஆறு மாசச் செலவுக்கான பணத்தை அதுல போட்டு வெச்ச ஒருத்தருக்கு 1998 ஜூன்ல வேலை போச்சுன்னா, கையில இருக்கறது ஒன்றரை மாசச் செலவுக்கான பணம். அந்த வருஷம் புதுசா வேலை கிடைக்கறதும் கஷ்டம். வீட்டை வித்துச் சமாளிக்கலாம்னா வீட்டு விலையும் இறக்கம். கடன் வாங்கலாம்னா, வருஷத் தொடக்கத்துல வட்டி 20 சதவீதத்துக்கு மேல போயிருந்தது.

எனக்கு ரொம்ப வலிக்கிற பகுதி இதுக்கு அப்புறம்தான். 1999 முடியும்போது அதே கோஸ்பி 1,000-ஐத் தாண்டிடுச்சு. நடுவுல இருந்தது வெறும் ஒன்றரை வருஷம். 'லாங் டெர்ம்ல மார்க்கெட் ஏறும்'னு நாம சொல்றது அங்க பலிச்சது. ஆனா அந்த ஒன்றரை வருஷம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தனியா காசு வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் பலிச்சது. 280-ல வித்தவங்க விவரம் தெரியாம வித்தாங்கன்னு நான் நினைக்கலை. அரிசி வாங்க வித்தாங்க.

"நான் நாலஞ்சு இடத்துல பிரிச்சுப் போட்டிருக்கேனே"ன்னு சிலர் சொல்வீங்க. லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட்னு அமெரிக்காவுல ஒரு ஃபண்டு இருந்தது. 1997-ல பொருளாதார நோபல் வாங்கின ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் ரெண்டு பேருமே அதுல பங்குதாரர்கள். அவங்களும் பல நாட்டுல, பல சந்தையில பிரிச்சுத்தான் போட்டிருந்தாங்க, அதுவும் சொந்தப் பணத்தைப் போல இருபது மடங்குக்கு மேல கடன் வாங்கி. ரஷ்யா கைவிரிச்ச பிறகு உலகம் பூரா எல்லாரும் ஒரே நேரத்துல பயந்து விக்க, தனித்தனின்னு நினைச்சதெல்லாம் சேர்ந்து விழுந்துச்சு. செப்டம்பர்ல நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டம் போட்டு, 14 நிறுவனங்கள் 360 கோடி டாலர் போட்டு அதைத் தூக்கி நிறுத்தின. உங்களுக்கும் எனக்கும் யாரும் அப்படிக் கூட்டம் போட மாட்டாங்க.

உங்க நிலைமையையே எடுத்துக்கோங்க. சம்பளம் ஐடியில இருந்து வருது. கம்பெனி கொடுத்த ஷேர் இருக்கு. எஸ்ஐபி-யில பாதி டெக் ஃபண்டு. ஃபிளாட் வாங்கினதும் ஆபீஸ் பக்கத்துலயே. ஆப்ல பார்த்தா நாலு தனித்தனி சொத்து. ஆனா ஒரு மோசமான வருஷம் வந்தா நாலும் ஒரே கயித்துல தொங்குறது தெரியும். அதனாலதான் அஞ்சாவதா ஒண்ணு அந்தக் கயித்துல மாட்டாம இருக்கணும்னு கேக்கறேன். சேவிங்ஸ் அக்கவுன்ட்ல ஒரு மாசச் செலவு, மீதி அஞ்சு மாசத்துக்கு எஃப்டியோ லிக்விட் ஃபண்டோ. அது வளரலைன்னு கோபப்படாதீங்க, வளர்க்கறதுக்குத்தான் எஸ்ஐபி இருக்கே. அப்பா அம்மா உங்க சம்பளத்தை நம்பி இருந்தா ஒன்பது மாசமா வெச்சுக்கோங்க.

ஆறு மாசச் செலவுன்னு கணக்குப் போடும்போது நிறைய பேர் இஎம்ஐ-யை விட்டுடறீங்க. அதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்க, உங்க மூணு லட்சம் எத்தனை மாசம் தாங்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க.