லாரிக்குப் பிறகான ரோசி

சாமானியர் ஒருவர் பிரபலத்தைக் காதலிக்கும் கதைகளில் புகழ்தான் பரிசு. 1999-இல் வந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தில் புத்தகக் கடைக்காரரும் ஹாலிவுட் நடிகையும் சேர்ந்துவிடுகிறார்கள். அவள் நட்சத்திரமாகவே நீடிக்க, அவனுக்கும் அந்த வெளிச்சத்தில் ஓர் இடம் கிடைக்கிறது. ஜெயகாந்தன் இந்தக் கனவை நம்பவில்லை. ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’வில் நடிகர் மீதான மோகம் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கையையே குலைத்துவிடுகிறது. ஆனால் இரண்டிலும் நட்சத்திரம் மேலே, சாமானியர் கீழே. இந்த ஏணி முறிந்து விழுந்த கதை ஒன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் காதல் நாவலாகவே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அகஸ்தீசுவரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம், மௌனப்படம். காக்காரிசி நாடகங்களில் நடித்துவந்த பி.கே. ரோசி அதன் கதாநாயகி. புலையர் சமூகத்துப் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைத் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கூடியிருந்த மேல்சாதியினர் பொறுக்கவில்லை. திரைமீது கல் விழுந்தது. நடித்த படத்தைப் பார்க்க ரோசிக்கே அங்கே இடமில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் ஒரு லாரியில் ஏறித் தப்பினார், அதன் ஓட்டுநரையே மணந்தார், ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. அதன்பின் அவர் நடிக்கவே இல்லை. வினு ஆபிரகாமின் மலையாள நாவல் ‘நஷ்ட நாயிகா’வும், கமல் (நம் கமல்ஹாசன் அல்ல) 2013-இல் இயக்கிய ‘செல்லுலாய்டு’ படமும் கேரளம் இழந்த நாயகியைப் பேசின. நியாயம்தான். ஆனால் இழந்தவர்களின் கதை வேறு, அவரோடு குடும்பம் நடத்தியவரின் கதை வேறு. இங்கே காதலிக்கும் சாமானியனுக்குப் புகழில் பங்கு கிடைக்காது. மனைவி பிழைத்திருக்க வேண்டுமானால் அவள் நடிகை என்பதை ஊர் மறக்க வேண்டும். அந்த மறதிக்கு அவனும் உடந்தை.

சாதிக் கொடுமையைக் காதல் கதையாக்கினால் கல்லெறிந்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்ற மறுப்பு எழும். வலுவான மறுப்பு. ஆனால் ரோசியை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணாக மட்டுமே காட்டினால், அந்தக் கும்பல் அவருக்கு எழுதிய முடிவையே நாமும் ஏற்றுக்கொள்கிறோம். அதற்குப் பிறகும் அவர் சமைத்தார், சிரித்தார், சண்டை போட்டார் என்று எழுதினால் கல்லின் குற்றம் குறையாது. கணவரைத் தியாகியாக்கவும் கூடாது. பெயரை விட்டால்தான் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டில் காதல் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்ற கேள்வியில்தான் நாவலே இருக்கிறது. ஆதாரம் போதாது என்பவர்களுக்கு: வரலாற்றாசிரியருக்குத்தான் அது தடை. வாரிசுகளின் மனம் நோகாதபடி பெயர்களை மாற்றிக்கொள்ளும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு.

எழுதுகிறவருக்குத் தமிழ், மலையாளம் இரண்டு மொழியும் வேண்டும். ரோசி வந்துசேர்ந்தபோது நாகர்கோவிலும் திருவிதாங்கூரில்தான் இருந்தது; 1956 நவம்பர் 1-இல்தான் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. காக்காரிசி நாடகமே தமிழும் மலையாளமும் கலந்தது. திற்பரப்பு, குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பேச்சிலும் அந்தக் கலப்பு இன்னும் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் எழுத வந்தால், அந்தப் பேச்சைச் சென்னைத் தமிழாகத் திருத்தாமல் அச்சிடப் பதிப்பாளர்களுக்கு மனம் வரவேண்டும்.